பின்னோக்கி நடப்பவர்

கல்யாண வீடியோ எடுக்கிறவர்களில் சிலர் மணப்பெண் நடந்து வருவதைப் பக்கவாட்டில் நின்று எடுப்பார்கள். சிலர் பீடத்தருகே முக்காலியை ஊன்றிக்கொண்டு தூரத்திலிருந்தே பிடித்துவிடுவார்கள். அவர் அப்படியில்லை. தேவாலயத்தின் வாசல் கதவு திறந்து பெண் முன்னால் ஓர் அடி வைத்தால், அவர் கேமராவோடு பின்னால் ஓர் அடி வைப்பார். இரண்டு பக்கமும் பெஞ்சுகள், நடுவில் விரித்த கம்பளம், அதன் ஓரத்தில் பூச்சாடிகள், திடீரென்று குறுக்கே ஓடி வரும் குழந்தைகள். எதிலும் இடறாமல் பீடத்தின் முதல் படிவரை முதுகாலேயே போய்ச் சேருவார். மற்றவர்களுக்கு இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்து வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும். அவருக்கு வேண்டாம். முதல் நாளே வந்து அந்தப் பாதையைக் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்துவிடுவார். கால் கற்றுக்கொண்டதை அப்புறம் கால் பார்த்துக்கொள்ளும்.

அதனால் தொழில் வட்டாரத்தில் அவருக்கு ரிவர்ஸ் என்று பெயர். சொந்தப் பெயரைச் சொன்னால் ஸ்டூடியோவில் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது.

"ரிவர்ஸ் அண்ணே, உங்களுக்கு முதுகுல கண்ணு இருக்கா?" என்பார் ஸ்டூடியோக்காரர். அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். போட்டோ எடுப்பதும் அவர்தான், ஆர்டர் பிடிப்பதும் அவர்தான்.

"இருக்கறதாலதான் தம்பி நீ என் பின்னாடி பேசறதெல்லாம் தெரியுது."

அந்தக் கல்யாண ஆர்டர் வந்த அன்று ஸ்டூடியோக்காரர் கைப்பேசியில் பெண் மாப்பிள்ளை படத்தைக் காட்டினார். காட்டிவிட்டு, இது சின்னக் கல்யாணம், புதுப் பையனை அனுப்பிவிடலாம், நீங்கள் அதே நாள் பெரிய மண்டபத்துக்கு வாருங்கள் என்றார். ரிவர்ஸ் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுக்க நேரமாயிற்று.

"இதை நானே பண்றேன்."

"அண்ணே, அங்க பந்தல், லைட்டு எல்லாம் பிரமாதமா இருக்கு. இங்க ஒரு மருந்துக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம்."

"தெரியும். நான் இதைப் பண்றேன்."

ஸ்டூடியோக்காரர் ஒரு நிமிடம் அவர் முகத்தையே பார்த்தார். எது கொடுத்தாலும் சரி என்று வாங்கிக்கொள்கிற மனிதர், வந்த நாளிலிருந்து இதுதான் வேண்டும் என்று எதையும் கேட்டதில்லை. "சரி, அப்ப நானும் இங்கயே வரேன். மண்டபத்துக்கு அவனோட வேற ஆளுங்களையும் அனுப்பிடலாம்" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார்.

அந்த மணப்பெண் ரிவர்ஸின் மகள்.

பேசத் தொடங்கியிருந்த வயதில் அவளை அம்மா கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பெரிய சண்டை என்று எதுவும் இல்லை. மற்றவர்கள் வீட்டு விசேஷ நாளெல்லாம் இவருக்கு வேலை நாள். ஓய்வு நாளில் வீட்டுக்கு வந்தால் முந்தைய நாள் கல்யாணத்தை வெட்டி ஒட்ட உட்கார்ந்துவிடுவார். "ஊர்ல இருக்கற எல்லாக் குடும்பத்தோடயும் இருக்கீங்க, இந்த ஒண்ணைத் தவிர" என்று மனைவி ஒருநாள் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு அவள் மருந்துக்கடைக்காரரை மணந்துகொண்டபோது ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தாள். குழந்தை இப்போதுதான் அவரை அப்பா என்று கூப்பிடத் தொடங்கியிருக்கிறது, நீங்கள் நடுவில் வந்துபோனால் குழம்பிவிடும் என்றாள். அவரும் சரி என்றார். அவ்வளவு சுலபமாகச் சரி என்றிருக்கக் கூடாது என்பது அவருக்குப் பின்னால்தான் உறைத்தது. அதற்குள் குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தது.

ஒருமுறை மட்டும் அந்த மருந்துக்கடைக்குப் போனார். மகள் கல்லூரி முடிந்து வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இருமல் மருந்து வேண்டும் என்றார். "வறட்டு இருமலா, சளியோடவா?" என்று கேட்டாள். அவருக்கு இருமலே இல்லை. வறட்டு இருமல் என்றார். பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அவள் வளர்ந்த பிறகு அவரிடம் பேசியது அவ்வளவுதான். மருந்தைத் திறக்கவேயில்லை.

இந்தக் கல்யாணத்தில் அவருக்கு வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா என்று கூப்பிட வேண்டாம். கையைப் பிடித்துக் கொடுக்கிற உரிமையும் அவருடையதில்லை, அது வளர்த்தவருக்கு. வாசலிலிருந்து பீடம்வரை, யாரும் எதுவும் கேட்காமல், அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு போகலாம். அது போதும் என்று தனக்குத் தானே பலமுறை சொல்லிக்கொண்டார். அவளும் ஒருமுறை தன்னை ஆள் தெரிந்து பார்த்தால் தேவலை என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

கல்யாணத்தன்று காலையில் தேவாலயத்துக்கு முதலில் வந்தவர் அவர்தான். பீடத்தருகே இரண்டாவது கேமராவை முக்காலியில் பொருத்தி, மாப்பிள்ளை நிற்கப்போகும் இடத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தார். பெண் வரும்போது மாப்பிள்ளை முகம் எப்படி மாறுகிறது என்பதற்கு அது. பெண்ணுக்குக் கையில் இருக்கிற இந்தக் கேமரா ஒன்றுதான். பூக்காரர் பெஞ்சு முனைகளில் வெள்ளைப் பூங்கொத்து கட்டிக்கொண்டிருந்தார். ஆர்கன் வாசிக்கிறவர் நேற்றைய மாலைச் செய்தித்தாளை விரித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

ரிவர்ஸ் கம்பளத்தின் மீது பின்னோக்கி நடந்து பழகிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் யாரோ செருமினார்கள். திரும்பினார். பெண்ணின் அம்மா. தலையில் அங்கங்கே நரை. கழுத்தை ஒரு பக்கமாய்ச் சாய்த்துப் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

"நீங்களா."

"ஸ்டூடியோவுல அனுப்பினாங்க."

"அனுப்பினாங்களா, கேட்டு வாங்கிட்டு வந்தீங்களா?"

அவர் லென்ஸைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த லென்ஸ்தான்.

"பொய் சொல்ல இன்னும் கத்துக்கல" என்றாள் அவள். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பூக்காரரைப் பார்த்தார்கள். "அவளுக்கு உங்களை அடையாளம் தெரியாது. படம்கூட ஒண்ணும் இல்ல. எல்லாரையும் எடுத்தீங்க, உங்களை யாரும் எடுக்கல."

"நான் எதுவும் சொல்லப்போறதில்ல."

"சொல்லாதீங்க. இன்னைக்கு வேண்டாம். காலையிலிருந்து மூணு பேர் சேந்து அவ முகத்தை வரைஞ்சு வச்சிருக்காங்க, அழுதா எல்லாம் கரைஞ்சுபோகும்."

"வேலைக்குத்தான் வந்திருக்கேன்."

"வேலைக்குத்தான் எப்பவும் போனீங்க" என்று எழுந்தாள். இரண்டடி போய் நின்றாள். "நல்லா எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெஞ்சுகள் நிரம்பின. போதகர் ஒலிபெருக்கியில் எல்லாரையும் வரவேற்றுவிட்டு, ஆராதனை முடியும்வரை யாரும் கைப்பேசியைத் தூக்கக் கூடாது என்றார். "படம் எடுக்கறதுக்கு ஆள் இருக்காங்க. நீங்க கண்ணால பாருங்க, அது போதும்." ஒரு சிரிப்பலை எழுந்து அடங்கியது. கைப்பேசிகள் பைக்குள் போயின.

வெளியே கார் வந்து நின்றது. ரிவர்ஸ் வாசலுக்கு வந்து பொத்தானை அழுத்திப் பதிவைத் தொடங்கினார். கார்க் கதவு திறந்தது, வெள்ளைக் காலணி, கவுனின் ஓரம், அதைப் பிடித்துக்கொள்ள நீண்ட கைகள். மருந்துக்கடைக்காரர் மறுபக்கம் இறங்கி ஓடிவந்தார். புதுக் கோட்டு அவருக்கு ஒட்டவேயில்லை. யாரோ போட்டுவிட்டது மாதிரி இருந்தது. கர்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்பா, நீங்க ஏன் நடுங்கறீங்க, கல்யாணம் எனக்கு" என்றாள் பெண்.

"நான் எங்கம்மா நடுங்கறேன். இந்தக் கோட்டுதான் நடுங்குது."

அவள் சிரித்தாள். ரிவர்ஸுக்கு அந்தச் சிரிப்பில் ஏதோ தெரிந்தது. தன் தங்கை சிரிப்பது அப்படித்தான், கீழுதட்டைக் கடித்துக்கொண்டு. அவர் பதிவை நிறுத்திவிட்டு உள்ளே ஓடி, கதவுக்கு எதிரே இடம்பிடித்தார். நிறுத்திவிட்டதாகத்தான் நினைத்தார்.

ஆர்கன் எழும்பியது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். கதவு திறந்தது. அவர் பொத்தானை அழுத்தினார், பின்னோக்கி முதல் அடியை வைத்தார்.

முக்காட்டுத் துணிக்குப் பின்னால் அவள் முகம் மங்கலாக இருந்தது, பிறகு தெளிந்தது. அலங்காரம் செய்த பெண்கள் கேமராவைப் பார்க்காதே, மாப்பிள்ளையைப் பார் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள் போல. அவருடைய தோளுக்கு மேலே, அவர் தலைக்குப் பின்னால் எங்கோ அவள் பார்வை நிலைத்திருந்தது. மருந்துக்கடைக்காரர் அவளைவிட ஒரு விரற்கடை வேகமாக நடந்தார். அவள் முழங்கையால் மெல்ல இழுத்து அவரை அடிக்கு அடி சரிசெய்துகொண்டே வந்தாள்.

வழக்கமாக இந்த நேரத்தில் அவர் கண் கேமராத் திரையை விட்டு நகராது. வெளிச்சம் சரியா, முகம் சட்டத்துக்குள் இருக்கிறதா, ஓரத்தில் பதிவைக் காட்டும் சிவப்புப் புள்ளி எரிகிறதா என்று கண் தன்னால் சுற்றிவரும். அன்று அவர் திரையைப் பார்க்கவேயில்லை. கேமராவை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு அதற்கு மேலாக அவளைப் பார்த்தார். புருவத்தின் ஓரம் ஒரு தழும்பு. அது எப்போது விழுந்தது, எங்கே விழுந்தாள், யார் தூக்கினார்கள், அவருக்குத் தெரியாது. காதுமடல் தன்னுடையது. மூக்கு அவள் அம்மாவுடையது. உதடு லேசாக அசைந்தது, ஜெபம் செய்கிறாளா, அடி எண்ணுகிறாளா என்று தெரியவில்லை.

வாடகை வீட்டின் நடையில் ஒருநாள் அவர் இதேபோலப் பின்னோக்கி நடந்திருக்கிறார். கையில் கேமரா இல்லை. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, வா, வா என்று. எதிரே குழந்தை, விழுந்துவிடுமோ என்ற பயமே இல்லாமல் அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு தத்தித் தத்தி வந்தது. அவர் எட்ட எட்டப் போனார். அவர் போகப் போக அது வந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு நின்றிருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

குதிகாலில் பீடத்தின் படி தட்டியது. பாதை முடிந்துவிட்டது. மாப்பிள்ளை கையை நீட்டினான், மருந்துக்கடைக்காரர் முக்காட்டை விலக்கிவிட்டு மகளின் நெற்றியில் முத்தமிட்டார், தடுமாறினார், கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்பெஞ்சுக்குப் போனார். ரிவர்ஸ் பதிவை நிறுத்தப் பொத்தானை அழுத்திவிட்டுப் பக்கவாட்டுக்கு ஒதுங்கினார். கேமரா கையில் தலைகீழாகத் தொங்கியது.

ஆராதனை முடிந்து, கையெழுத்து முடிந்து, கூட்டம் வெளியே போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், தேவாலயத்தின் பக்கத்து அறையில் ஸ்டூடியோக்காரர் கேமராவை வாங்கி ஓட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவருடைய முகம் மெல்ல வெளுத்தது.

"அண்ணே, இது என்ன?"

திரையில் தேவாலயத் தரை ஓடியது. யாருடைய காலணியோ, பெஞ்சின் கால்கள், தலைகீழாக ஒரு பூச்சாடி. அதற்கு முன்னால் கார், சிரிப்பு, கோட்டு, பிறகு அவர் உள்ளே ஓடிவரும்போது குலுங்கிய படிக்கட்டு. கதவு திறந்த இடத்தில் படம் நின்றுபோயிருந்தது. வெளியே பதிவை நிறுத்தியதாக அவர் நினைத்தபோது விரல் பொத்தானில் சரியாக அழுந்தவில்லை. அதனால் கதவருகே தொடங்க அழுத்தியது நிறுத்திவிட்டது, படியருகே நிறுத்த அழுத்தியது தொடங்கிவிட்டது. எடுக்க வேண்டியதெல்லாம் போய், எடுக்க வேண்டாததெல்லாம் பதிந்திருந்தது. தொழிலுக்கு வந்த முதல் மாதத்தில் எல்லாரும் செய்கிற தப்பு. சிவப்புப் புள்ளியை ஒரு பார்வை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"நடந்து வந்தது முழுக்க இல்லையா?" என்றார் ஸ்டூடியோக்காரர். "ஒரு துளிகூட?"

"இல்ல தம்பி."

"நீங்களா அண்ணே இது. புதுப் பையன் பண்ணியிருந்தா இங்கயே ரெண்டு அறை விட்டிருப்பேன். உங்களை நான் என்ன பண்றது?" தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "போட்டோ இருக்கு, முக்காலிக் கேமராவுல ஆராதனை இருக்கு, சரி. வீடியோவுல பொண்ணு கார்ல இறங்கறா, அடுத்த நிமிஷம் கழுத்துல மாலை. நடுவுல பறந்து வந்தாளா?"

"நான் போய் அவங்ககிட்டச் சொல்றேன்."

பெண்ணின் அம்மா வெளியே படியில் நின்று உறவினர்களைக் கார்களில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ரிவர்ஸ் விஷயத்தைச் சொன்னார். மறைக்காமல், பொத்தானிலிருந்து சொன்னார்.

"ஒரு தடவைகூடத் திரையைப் பாக்கலையா?"

"இல்ல."

"எதைப் பாத்துட்டு நடந்தீங்க?"

அவள் கழுத்தை ஒரு பக்கமாய்ச் சாய்த்து அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு கார் புறப்பட்டுப் போயிற்று. அதிலிருந்தவர்களுக்குக் கையசைத்தாள்.

"உள்ள போய் இருங்க" என்றாள். "அவளை அனுப்பறேன். இன்னொரு தடவை நடக்கட்டும்."

ரிவர்ஸ் ஆளில்லாத தேவாலயத்துக்குள் போய் நின்றார். ஆர்கன் மூடியிருந்தது. பெஞ்சுகளில் மறந்துபோன விசிறி, குழந்தையின் ஒற்றைக் காலுறை, கசங்கிய பாட்டுத் தாள்கள். ஸ்டூடியோக்காரர் விருந்து நடக்கிற இடத்துக்கு முன்னால் போய்விட்டார். போகும்போது கேமராவைத் திருப்பிக் கொடுத்து, "இந்தத் தடவை சிவப்புப் புள்ளி, அண்ணே. கும்பிட்டுக் கேக்கறேன்" என்றார்.

மகள் தனியாக வந்தாள். கவுனை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றாள், முக்காட்டை முகத்தின் மேல் இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"இங்கேருந்துதானே?"

"ஆமாம்மா. அங்கேருந்துதான்."

அவர் பொத்தானை அழுத்தினார். புள்ளி எரிந்தது. பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டார். பின்னோக்கி நடந்தார்.

பாட்டு இல்லாததால் அவளுடைய காலணிச் சத்தம் கூரைவரை போய் வந்தது.

"இப்ப யாரைப் பாத்து நடக்கறது? அங்க ஒருத்தரும் இல்லையே."

"எங்க வேணும்னாலும் பாருங்க."

அவள் அவரைப் பார்த்தாள்.

பெஞ்சு வரிசைகள் இரண்டு பக்கமும் முன்னால் நகர்ந்தன. அவர் இந்த முறை திரையையும் விடவில்லை. திரையில் ஒரு முகம், அதற்கு மேலே ஒரு முகம், இரண்டும் அவரையே பார்த்தன.

"அம்மா சொன்னாங்க" என்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"கேமராக்காரர் தப்பு பண்ணிட்டாரு, திட்டாதே, நடந்து குடுத்துட்டு வான்னாங்க."

"தப்புதாம்மா."

"அது எதனாலன்னும் சொன்னாங்க."

அவர் கால் எதிலும் இடறவில்லை. ஆனால் கேமரா ஒருமுறை குலுங்கியது. வீட்டில் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு அந்த இடத்தில் படம் மேலும் கீழும் ஆடுவது தெரியும்.

"உங்களுக்குக் கால் வலிக்காதா, இப்படியே நடந்து நடந்து?"

"பழகிடுச்சு."

"எத்தனையோ பொண்ணுங்களை இப்படிக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க."

"போயிருக்கேன்."

"எல்லாரும் பக்கத்துல ஒருத்தர் கையைப் பிடிச்சுட்டு வந்திருப்பாங்க."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சட்டத்தில் பெண் ஒருத்திதான் இருக்கிறாள். முதல் முறை இருந்த ஆள் இந்த முறை இல்லை. காரில் வந்து இறங்கிய படத்தோடு இதை ஒட்டினால் ஒட்டாது. நின்றார். "அவர் வரணுமே. கூப்பிடட்டுமா? வெளியதானே இருக்காரு."

"வேண்டாம்" என்றாள் மகள். "அவர் ஒரு தடவை நடந்துட்டாரு."

அவள் நிற்கவில்லை, நடந்துகொண்டே இருந்தாள். அதனால் அவரும் பின்னோக்கி நடக்க வேண்டியிருந்தது. முக்காட்டின் வலைக்குப் பின்னால் அவள் கண் ஈரமாகியது. வரைந்துவைத்த முகத்தில் ஒரு கோடு கரைந்து இறங்கியது. அவர் அதைத் துடைக்கச் சொல்லவில்லை. படி குதிகாலில் தட்டியதும் நின்றார். அவள் இன்னும் இரண்டடி வைத்து நின்றாள். கையை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரம். இருவருக்கும் நடுவில் கேமரா இருந்தது.

"வந்துச்சா?" என்றாள்.

அவர் திரையைப் பார்த்தார். புள்ளி எரிந்துகொண்டிருந்தது. கதவிலிருந்து படிவரை ஒன்றுவிடாமல் பதிந்திருந்தது. அவர் எடுத்ததிலேயே நன்றாக வந்தது இதுதான். வந்துடுச்சும்மா என்று சொன்னால் அவள் கவுனை அள்ளிக்கொண்டு வெளியே போய்விடுவாள். கார், விருந்து, கேக், பிறகு வேறொரு வீடு.

"வரலைம்மா" என்றார்.

மகள் அவர் கையிலிருந்த கேமராவைப் பார்த்தாள். அதன் முன்பக்க ஓரத்தில் எரிகிற சிறு சிவப்பு விளக்கையும் பார்த்தாள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப இன்னொரு தடவை நடந்துடலாம்" என்றாள்.

வெளியே கார் ஹார்ன் அடித்தது. நிறுத்தி, மறுபடி நீளமாக அடித்தது.

"கூப்பிடறாங்கம்மா."

"கேட்டுச்சு" என்றாள், திரும்பாமலே. கதவை நோக்கி நடந்தாள். கவுனின் வால் கம்பளத்தின் மேல் அவள் பின்னாலேயே இழுபட்டுப் போயிற்று. கதவருகே போய்த் திரும்பி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள்.

"வரட்டுமா?"

அவர் பொத்தான்மேல் விரலை வைத்தார். அழுத்தவில்லை.

"கொஞ்ச நேரம் அப்படியே நில்லும்மா" என்றார்.